கதவில்லாத ஷவரைக் கணினியில் வரைந்து பார்த்தல்: சுவீட் ஹோம் 3டி மென்பொருள் பற்றிய ஒரு மதிப்பீடு

வோக்-இன் ஷவர் என்று கடைக்காரர்கள் சொல்லும் அமைப்பில் குளியல் தட்டும் இல்லை, ஏறிக் கடக்கவேண்டிய கட்டும் இல்லை, பெரும்பாலும் கதவும் இல்லை. குளியலறையின் தரையே தொடர்ந்து சென்று, நீர் விழும் இடத்தில் சற்றுத் தாழ்ந்து, வடிகாலில் முடிகிறது. பார்வைக்கு எளிமையான இந்த அமைப்பைத் திட்டமிட வீட்டு வடிவமைப்பு மென்பொருள் எந்த அளவுக்கு உதவும் என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன். எடுத்துக்கொண்ட மென்பொருள் சுவீட் ஹோம் 3டி. திருகோணமலையில் வீட்டுப் படங்கள் வரைந்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை நான் வழக்கமாகப் பயன்படுத்துகிறேன், ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: குளிக்கும் மனிதருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இதைவிட நல்ல இலவசக் கருவியை நான் கண்டதில்லை, குளித்த நீருக்கு எந்த வழி வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இது கொஞ்சமும் உதவாது.

இந்த ஊரில் இத்தகைய ஷவரைக் கேட்டு வருபவர்கள் இரு வகையினர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் சிறு விடுதி நடத்துவோர் ஒரு சாரார். கடலில் குளித்துவிட்டு மணலோடு வரும் விருந்தினர் கதவையும் தட்டையும் உடைக்காமல் கழுவிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர்களின் தேவை. வயோதிபப் பெற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிப்போர் மறு சாரார். உவர்மலையிலும் நகரின் பழைய வீதிகளிலும் உள்ள வீடுகளில் கிணற்றடியிலும் பின்கட்டிலும் குளித்துப் பழகியவர்களுக்கு, இனி அறைக்கு அருகிலேயே, கால் தூக்கி வைக்கத் தேவையில்லாத ஓர் இடம் வேண்டியிருக்கிறது. இரு சாராரும் கைபேசியில் ஏதாவதொரு வெளிநாட்டுக் குளியலறையின் படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தப் படத்தில் உள்ள அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். நமது அறை எட்டுக்கு ஐந்து. மென்பொருளின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது.

சுவீட் ஹோம் 3டி பிரான்சைச் சேர்ந்த எம்மானுவேல் புய்பாரே உருவாக்கி 2006 முதல் வெளியிட்டுவரும் திறந்த மூல மென்பொருள். ஜாவா மொழியில் எழுதப்பட்ட இது விண்டோஸ், மெக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். தரவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலேயே வேலை செய்யலாம். திரை நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: இடப்புறம் மேலே பொருள்களின் அட்டவணை, அதன் கீழே நாம் தேர்ந்தெடுத்தவற்றின் பட்டியல், வலப்புறம் மேலே தரைப்படம், அதன் கீழே முப்பரிமாணக் காட்சி. தரைப்படத்தில் ஒரு பொருளை நகர்த்தினால் கீழேயுள்ள காட்சி உடனே மாறிவிடுகிறது. கட்டடப் படங்களை வாசித்துப் பழக்கமில்லாத ஒருவர் அருகில் இருந்து பார்க்கும்போது இந்த ஓர் இயல்புக்காகவே மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சுவர் வரையும்போது சுட்டியால் இழுத்து அளவைக் குத்துமதிப்பாக நிறுத்துவதே பலரின் வழக்கம். அது வேண்டாம். வரையும் நடுவில் என்டர் விசையை அழுத்தினால் நீளத்தையும் கோணத்தையும் தடிப்பையும் எண்ணாகவே கொடுக்கும் கட்டங்கள் தோன்றும். இயல்பாக வரும் சுவர் உயரம் 250 சென்ரிமீற்றர். நமது வீடுகளில் பத்தடி, அதாவது 305 சென்ரிமீற்றர், என்று அதை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் யன்னலின் உயரமும் ஷவரின் உயரமும் காட்சியில் பொய்யாகத் தெரியும். அளவு முறையை எந்த நேரத்திலும் சென்ரிமீற்றரிலிருந்து அடி அங்குலத்துக்கு மாற்றலாம் என்பது நமக்கு மிகப் பெரிய வசதி. மேசன்மார் அடியில் பேசுகிறார்கள், டைல் கடையில் இரண்டுக்கு ஒன்று (இரண்டடிக்கு ஓரடி) என்கிறார்கள், கண்ணாடிக் கடையில் மில்லிமீற்றரில் எழுதித் தரச் சொல்கிறார்கள். ஒரே படத்தை மூவருக்கும் அவரவர் அளவில் காட்டலாம்.

எட்டடிக்கு ஐந்தடி அறை என்றால் எதை எட்டடி என்கிறோம் என்பதை வரைவதற்கு முன் முடிவு செய்துகொள்ள வேண்டும். கல்லுக்குக் கல் எட்டடியாக இருக்கும் அறை, பூச்சும் டைலும் அதை ஒட்டும் சாந்தும் சேர்ந்தபின், சுவருக்கு ஓரங்குலம் வீதம் குறைந்து ஏழடி பத்தங்குலத்துக்கு நான்கடி பத்தங்குலமாகிவிடும். வரவேற்பறையில் இரண்டங்குலத்தை யாரும் தேடப்போவதில்லை. இங்கே அந்த இரண்டங்குலம் பல விடயங்களைத் தீர்மானிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் நியமத்தின்படி சக்கர நாற்காலி ஒன்று முழுவதுமாகத் திரும்ப 60 அங்குல விட்டமுள்ள வட்டம் வேண்டும். நமது அறையின் அகலமோ 58 அங்குலம். இதை வாயால் சொன்னால் வீட்டுக்காரர் நம்புவதில்லை. மென்பொருளில் 152 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை ஒன்றைத் தட்டையாக்கித் தரையில் வைத்தால் அது இரு சுவர்களுக்குள்ளும் புகுந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதன்பின் வாதம் இல்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டில் வெளியான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை நோக்கியவை. தனி வீட்டுக் குளியலறைக்கு யாரும் நம்மை வற்புறுத்தப்போவதில்லை. ஆனால் உடலின் அளவு சட்டத்தைப் பார்த்து மாறுவதில்லை என்பதால், நான் இந்த எண்களையே வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறேன்.

கதவு ஒடுங்கிய பக்கத்தில் இருக்கும் வழக்கமான அறையில், எதிர்ச் சுவரிலிருந்து கதவை நோக்கி மூன்றடி ஆழத்துக்கு முழு அகலத்தையும் ஷவருக்கு விட்டுவிட்டு, மீதி நான்கடி பத்தங்குலத்துக்குள் கொமட்டையும் பேசினையும் நீள்சுவரில் வைப்பதே பெரும்பாலும் பொருந்தும். ஈரப் பகுதிக்கும் உலர்ந்த பகுதிக்கும் நடுவே இரண்டரை அடியில் ஒரு நிலையான கண்ணாடியை நிறுத்தினால் நுழைவதற்கு இரண்டடி நான்கங்குலம் மிஞ்சும். நடந்து போகிறவருக்கு அது போதும்; ஒருவர் கைபிடித்து மற்றவரைக் கூட்டிச் செல்ல அது போதாது. அப்படிப்பட்ட தேவை உள்ள வீட்டில் கண்ணாடியே வேண்டாம், அறை முழுவதையும் நனையும் அறையாகக் கருதித் திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கண்ணாடி இல்லாத வோக்-இன் ஷவரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கண்ணாடி உள்ள படத்தையும் இல்லாத படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால், முடிவெடுப்பது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்கள்தாம். கழுவப்போவது யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கண்ணாடித் தடுப்பை வரைவது இந்த மென்பொருளில் சற்று அலுப்பான வேலை. அட்டவணையில் கிடைக்கும் ஷவர் மாதிரிகளை அப்படியே இழுத்துப் போட்டால், நமக்குத் தேவைப்படாத தட்டும் சட்டமும் சேர்ந்தே வந்துவிடும். நான் செய்வது, திறக்காத கண்ணாடி யன்னல் ஒன்றை எடுத்து, அதன் அகலத்தையும் உயரத்தையும் மாற்றி, தரையிலிருந்து நிற்கும்படி வைப்பது. சட்டம் மெல்லியதாகத் தெரியும் என்பதைத் தவிர அது போதுமானது. கைப்பிடி, உட்காரும் பலகை, மாடக்குழி ஆகியவற்றுக்கும் எளிய பெட்டி வடிவங்களே போதும். கைப்பிடியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள்ளும், உட்காரும் பலகையை 17 முதல் 19 அங்குலத்துக்குள்ளும் வைக்கச் சொல்வதும் அதே அமெரிக்க நியமம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தரையிலிருந்து அதன் உயரத்தை எண்ணாகக் கொடுக்க முடிவதால் இவற்றைத் துல்லியமாக நிறுத்தலாம்.

அட்டவணையில் உள்ள குளியலறைப் பொருள்கள் ஐரோப்பிய வீடுகளை மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டவை. நமது வீடுகளில் ஷவர் இருந்தாலும் கீழே ஒரு பைப்பும் ஒரு வாளியும் இருந்தே தீரும். முழுகும் நாளில் எண்ணெயும் சீயாக்காயும் தேய்த்த தலையை ஷவரில் மட்டும் அலசித் திருப்திப்படும் அம்மாமார் நான் அறிந்தவரை இல்லை. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளில் இன்றும் வாளியால் அள்ளி ஊற்றித்தான் குளிக்கிறோம். ஆகவே ஓரடி விட்டத்தில் ஓர் உருளையை வாளி என்று வைத்து, அதற்கருகே பதினெட்டு அங்குல உயரத்தில் பைப்பையும் வரைந்துவிட வேண்டும். வாளியை வைத்த உடனேயே மூன்றடி ஆழம் எவ்வளவு சிறியது என்பது தெரிந்துவிடும். முடிந்த இடங்களில் அதை மூன்றரை அடியாக்கப் பேசினைச் சின்னதாக மாற்றுகிறேன்.

இந்த மென்பொருளில் பலரும் கவனிக்காத ஒரு வசதி, காட்சிக்குள் நடந்து பார்க்கும் மனிதரின் கண்மட்ட உயரத்தை மாற்றலாம் என்பது. இயல்பாக அது நிற்கும் ஒருவரின் பார்வை. அதை 110 சென்ரிமீற்றருக்குக் குறைத்து, அந்த மனிதரை உட்காரும் பலகையின் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஷவரின் திருகி எங்கே இருக்கிறது, கைப்பிடி எந்தக் கைப்பக்கம் வருகிறது, சோப்பு வைக்கும் மாடம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதா, கதவு திறந்தால் வெளியிலிருந்து பார்வை நேரே விழுகிறதா என்ற கேள்விகள் எல்லாம் ஒரே பார்வையில் எழும். திருகி நேரே ஷவர்த் தலைக்குக் கீழே இருக்கக்கூடாது, நுழையும் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பதை இந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது. நீரின் சூட்டைச் சரிபார்க்க நனைய வேண்டியிராத இடமே திருகிக்கு உரிய இடம்.

டைல் விடயத்திலும் மென்பொருள் நன்றாகவே உதவுகிறது. கடையில் எடுத்த டைலின் ஒளிப்படத்தை உள்ளே ஏற்றி, அதன் உண்மையான அகல உயரத்தைக் கொடுத்தால், சுவரிலும் தரையிலும் அது அந்த அளவிலேயே பரவும். எந்த மூலையில் அரைத் துண்டு வருகிறது, எங்கே இரண்டங்குலக் கீற்று மிஞ்சுகிறது என்பதை முன்கூட்டியே பார்த்து, தொடங்கும் இடத்தை நகர்த்திக்கொள்ளலாம். டைல் எண்ணிக்கையை அது கணக்கிட்டுத் தராது. அறையின் பரப்பளவை மட்டுமே காட்டும், மீதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். காட்சியில் பளபளக்கும் டைலைக் கண்டு மயங்கிவிடக்கூடாது என்பது தனி எச்சரிக்கை. எண்ணெயும் நுரையும் விழும் தரைக்கு மங்கலான, சொரசொரப்பான டைல் வேண்டும்; பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காமைத் தரம் அச்சிடப்பட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்கலாம்.

வெயிலைக் காட்டும் வசதி நமது ஊருக்கு மிகவும் பயன்படக்கூடியது, ஆனால் அதைத் தேடிப்போய்த்தான் இயக்க வேண்டும். தரைப்படத்திலுள்ள திசைகாட்டியைத் திறந்து, திருகோணமலையின் அகலக்கோடு வடக்கு 8.57 பாகை, நெடுங்கோடு கிழக்கு 81.23 பாகை என்று கொடுத்து, வடதிசையைச் சரியாகத் திருப்பிவிட்டால், உயர்தரப் படம் எடுக்கும்போது நாம் சொல்லும் நாளிலும் நேரத்திலும் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து ஒளி வரும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்பதால், அந்நாள்களில் யன்னல் வழியே நண்பகல் வெயில் வராது; காலை மாலை வெயிலைத்தான் நம்பவேண்டும். குளியலறையைப் பொறுத்தவரை வெயில் என்பது அழகுக்கான விடயமல்ல. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் எந்தத் தரையும் தானாக உலர்ந்துவிடும். மாரியில், கதவற்ற ஷவரின் ஈரம் அறை முழுவதும் பரவி நாள்கணக்கில் நிற்கும்போதுதான், மேற்குச் சுவரின் மேற்பகுதியில் வைத்த ஒரு காற்றோட்ட யன்னலின் அருமை தெரியும். உயர்தரப் படங்களைக் கணினி வரைந்து முடிக்கப் பழைய மடிக்கணினிகளில் நெடுநேரம் ஆகும். அந்த வேளையில் வேறு வேலை பார்ப்பது நல்லது.

இனிக் குறைக்கு வருவோம். இந்த மென்பொருளில் அறையின் தரை எப்போதும் மட்டமானது. அதற்கு வண்ணம் தீட்டலாம், டைல் பதிக்கலாம், பரப்பளவு கேட்கலாம்; ஆனால் வாட்டம், அதாவது நீர் வடிந்தோடுவதற்கான சரிவு, கொடுக்க முடியாது. மெல்லிய பெட்டி ஒன்றை ஒரு பக்கம் சாய்த்து வைத்துத் தரை சரிவதுபோலக் காட்டலாம் என்பது உண்மைதான், ஆனால் அது காட்சிக்கான ஒப்பனை மட்டுமே. தரையையும் சுவரையும் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் வெட்டுமுகப் படமும் இது வரைந்து தராது. சாதாரணக் குளியலறையில் இதை ஒரு குறையாகவே சொல்லமாட்டேன். கட்டும் தட்டும் இல்லாத ஷவரில் நீரைத் தடுத்து நிறுத்துவது வாட்டம் ஒன்றுதான். அந்த ஒன்றே படத்தில் இல்லையென்றால், பார்ப்பவர் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார். என்னோடு நெடுங்காலம் வேலை செய்யும் ஒரு மூத்த மேசன், நான் நீட்டிய வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, படம் வடிவாத்தான் இருக்கு. தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு எழுதித் தாங்க" என்று கேட்டதுதான் இந்த மென்பொருளைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம்.

கணக்கு கடினமானதல்ல. அடிக்குக் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு என்ற வாட்டம் ஷவர்த் தரைக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூன்றடி ஆழமுள்ள ஷவரில் எதிர்ச் சுவரை ஒட்டி நீள வடிகால் வைத்தால், தரை ஒரே பக்கமாக முக்கால் அங்குலம் இறங்கினால் போதும். பெரிய டைலை வெட்டாமலே பதிக்கலாம். நடுவில் நாலங்குலச் சதுர வடிகால் வைத்தால், தரை நான்கு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி இறங்கவேண்டும். அப்போது இரண்டுக்கு இரண்டு டைலை மூலைவிட்டமாக வெட்டாமல் முடியாது, ஆகவே சிறிய டைலோ மொசைக்கோதான் பொருந்தும். மென்பொருளில் இரண்டு வடிகாலும் ஒரே அழகோடு தெரியும், டைலின் அளவும் எதுவாயிருந்தாலும் மடிப்பின்றிப் பரவும். நடுவில் வடிகாலும் பெரிய டைலும் உள்ள ஒரு காட்சியை வீட்டுக்காரர் விரும்பி ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னர் அது ஏன் முடியாது என்று விளக்குவதே தனி வேலையாகிவிடும். அதனால் வடிகாலின் வகையைத் தீர்மானித்த பிறகுதான் டைலை ஏற்றவேண்டும் என்பதை நான் வரிசையாகவே வைத்திருக்கிறேன்.

அந்த முக்கால் அங்குலம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. நிலத்தளத்தில் புதிதாகக் கட்டும்போது அந்தப் பகுதியைத் தாழ்த்திக் கொங்கிறீற்றுப் போட்டுவிடலாம். மேல்மாடியில் பிளேட் (கொங்கிறீற்றுத் தளம்) போடும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட பிளேட்டின் மேல் என்றால், ஷவரைத் தாழ்த்த வழியில்லாமல் மற்றத் தரை முழுவதையும் உயர்த்த நேரிடும். அப்படி உயர்த்தினால் குளியலறைக் கதவடியில் ஒரு படி வந்துவிடும். ஷவருக்குள் படி வேண்டாம் என்று தொடங்கிய வேலை, வாசலில் படி வைத்து முடியும். மென்பொருளின் மட்டமான தரையில் இந்த முரண்பாடு தோன்றவே தோன்றாது. டைலுக்குக் கீழே பூசும் நீர்த்தடுப்புப் பூச்சும் அப்படியே. தரை முழுவதும் பூசி, சுவர்களில் அரையடியாவது மேலேற்றி, நீர் நேரே படும் சுவர்களில் ஷவர்த் தலை உயரம் வரை கொண்டுசென்று, வடிகாலை அடைத்து நீர் நிரப்பி ஒரு முழுநாள் விட்டுப் பார்த்த பின்பே டைல் பதிக்க வேண்டும். வோக்-இன் ஷவரின் செலவில் கண்ணுக்குத் தெரியாத பகுதி இதுதான், தவிர்க்கக் கூடாததும் இதுதான்.

நீரின் அழுத்தத்தையும் மென்பொருள் அறியாது. கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் அகலமான ஷவர்த் தலையை அட்டவணையில் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. பத்து மீற்றர் உயர நீர்தான் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். பிளேட்டின் மேல், தரையிலிருந்து பன்னிரண்டடி உயரத்தில் வைத்த தாங்கியிலிருந்து, ஆறடி எட்டங்குலத்தில் உள்ள ஷவருக்கு வரும் நீரின் உயர வேறுபாடு ஐந்தடி நான்கங்குலம், அதாவது 1.6 மீற்றர், அழுத்தம் ஒரு பாரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அகலமான தலையில் அது மழையாகக் கொட்டாது, சொட்டும். பம்பு வைக்காத வீட்டுக்குச் சிறிய துளைகள் கொண்ட சாதாரணத் தலையும், நீண்ட குழாயுள்ள கைஷவரும் மேல். உட்கார்ந்து குளிப்பவருக்குக் கைஷவர் எப்படியும் வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஷவருக்குப் பயன்படும் எட்டு அல்லது பத்து மில்லிமீற்றர் கண்ணாடி வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்டது. கடினமாக்கிய பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே மென்பொருள் காட்டும் அளவைக் கடைக்கு அனுப்பக்கூடாது. டைல் பதித்து முடிந்தபின் சுவரின் சாய்வையும் தரையின் வாட்டத்தையும் நேரில் அளந்துதான் சொல்லவேண்டும். இரண்டரை அடி அகலமும் ஆறரை அடி உயரமும் உள்ள பத்து மில்லிமீற்றர்க் கண்ணாடி ஏறத்தாழ 38 கிலோ இருக்கும்; உட்குழிவான சீமெந்துக் கல்லில் கட்டிய சுவரில் அந்த இடத்தைக் கொங்கிறீற்றால் முன்பே நிரப்பி வைத்திருக்க வேண்டும். கைப்பிடி வரும் இடத்துக்கும் அப்படியே. கடற்கரையை அண்டிய வீடுகளில் பிணைச்சலும் திருகாணியும் 316 தரத் துருவேறா உருக்காக இருப்பது நல்லது. வழக்கமாகக் கிடைக்கும் 304 தரம் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகக் கறைபிடிக்கும். கிணற்று நீர் கடினமாயுள்ள பகுதிகளில் கண்ணாடியில் வெண்படலமும் படியும். காட்சியில் கண்ணாடி எப்போதும் தெளிவாகவே இருக்கிறது.

மற்ற மென்பொருள்களையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். கூகிளிடமிருந்து 2012இல் டிரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறிய ஸ்கெச்சப்பில் தரையை நான்கு முக்கோணங்களாகப் பிரித்து, நடுப்புள்ளியைக் கீழே இழுத்து, உண்மையான வாட்டத்தையே வரையலாம். டைல் எங்கே மடிகிறது என்பதும் தெரியும். இந்த ஒரு விடயத்தில் அது சுவீட் ஹோமைவிட மிகவும் மேலானது. ஆனால் அதன் இலவச வடிவம் உலாவியில் மட்டுமே இயங்கும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது, பழகவும் பொறுமை வேண்டும். பிளானர் 5டி கைபேசியிலேயே விரைவாக வரையப் பொருத்தமானது. பொருள்களில் பெரும்பகுதியைப் பணம் கட்டினால்தான் திறக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு குளியலறை வரையப்போகும் ஒருவருக்கு நான் சுவீட் ஹோமையே சொல்வேன். இதையே தொழிலாகச் செய்பவர் ஸ்கெச்சப்பைக் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொள்வது பயன் தரும்.

நமது ஊருக்கே உரிய இன்னொரு பயனும் உண்டு. பெற்றோர் இங்கே இருப்பார்கள். குளியலறைக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார்கள். முன்பெல்லாம் அண்ணன் ஒன்றைச் சொல்வார், தங்கை வேறொன்றைச் சொல்வார், இங்கே அப்பா இரண்டையும் கேட்டுவிட்டு மேசனிடம் மூன்றாவதைச் சொல்வார். இப்போது குறிப்பிட்ட பாதையில் அறைக்குள் நடந்து செல்வதுபோன்ற சிறு காணொளியை மென்பொருளிலேயே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். குளிர்நாட்டில் உள்ளவர்கள் வெப்பத்தைத் தக்கவைக்கும் முழுக் கண்ணாடிப் பெட்டியைக் கேட்பது வழக்கம். அங்கே அது தேவை, இங்கே அதற்குள் மூச்சு முட்டும் என்பதை எழுத்தில் விளக்குவதைவிட, அம்மாவின் கதிரையையும் வாளியையும் அதே பெட்டிக்குள் வைத்து ஒரு படம் அனுப்புவது விரைவில் பலன் தருகிறது.

அச்சிடும்போது அளவுவிகிதத்தை 1:20 என்று கொடுத்தால் எட்டுக்கு ஐந்து அறை ஒரு ஏ4 தாளில் அடங்கும். அந்தத் தாளிலேயே, பேனாவால், வாட்டம் ஓடும் திசைக்கு அம்புக்குறிகளும், வாசலடியில், ஷவரின் விளிம்பில், வடிகாலின் வாயில் தரையின் மட்டம் என்ன என்ற மூன்று எண்களும் எழுதி, பக்கத்தில் ஒரு வெட்டுமுகத்தையும் வரைந்துதான் மேசனிடம் கொடுக்கிறேன். வண்ணப் படத்தை வேலைத்தளத்துக்குக் கொண்டுபோவதில்லை. டைல் பதிக்கும் முன் சுவருக்குள் போன குழாய்களின் பாதையை நாடா வைத்து அளந்து, மென்பொருளில் கோடுகளாக வரைந்து, உயரங்களைப் பக்கத்தில் எழுதிக் கோப்பை வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன். பின்னொரு காலத்தில் இன்னொரு கைப்பிடிக்குத் துளையிட வருபவர் எந்த இடத்தைத் தவிர்க்கவேண்டும் என்பதற்கு வேறு பதிவு எதுவும் இருக்காது.